விட்ட டிகிரியும் கண்ணாடிக் கடையும்

கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவங்க வாயில நாள் முழுக்க வர்ற கேள்வி ஒண்ணுதான்: "இது தெளிவா இருக்கா, இதுவா?" அந்தக் கேள்வி என் பக்கமே திரும்பி என்னைப் பாடாப் படுத்தின கதை இது. டிகிரியைப் பாதியில விட்டுட்டு எங்க போய் முடிக்கறதுன்னு முழிக்கறவங்க யாராவது இருந்தா, வாங்க, நாம ஒரே ஜாதி.

அதே லென்ஸ்

எங்க கடை கடலூர்ல. கண் செக் பண்றப்ப ஒரு சின்ன தந்திரம் பண்ணுவோம். போட்ட லென்ஸைக் கழட்டி, அதையே திரும்ப மாட்டி, "இப்ப எப்படி?"ன்னு கேப்போம். நிஜமாவே எழுத்தைப் பாக்கறவங்க "ரெண்டும் ஒண்ணுதானே"ம்பாங்க. குத்துமதிப்பா சொல்றவங்க மாட்டிப்பாங்க.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருத்தர், "ஆங், இது பிரமாதம்! முன்னாடி போட்டது மோசம்"னாரு. அதே லென்ஸ்தாண்ணேன்னு சொன்னேன். மனுஷன் அசரணுமே? "நீ கழட்டி மாட்டின ஜோருக்கு, மாத்திட்டேன்னுதாம்மா நெனச்சேன்!"

ஓனர் போட்ட குண்டு

"சிதம்பரத்துல கிளை திறக்கறேன், நீதான் மேனேஜர் கவிதா"ன்னு ஓனர் சொன்னப்ப எனக்குத் தலைகால் புரியல. அடுத்த மூச்சுலயே "ஆனா டிகிரி வேணும்"னாரு. நான் சிதம்பரத்துல பி.எஸ்சி. கணக்கு ரெண்டு வருஷம் படிச்சிட்டு, கல்யாணமாகி வந்தவ. ஒரு வருஷத்துல முடிச்சா அந்த சீட் எனக்கு, இல்லேன்னா அவரு மச்சானுக்குன்னுட்டாரு. மச்சான் எம்.பி.ஏ.; கிட்டப்பார்வை எது, தூரப்பார்வை எதுன்னு கேட்டா ரெண்டையும் மாத்திச் சொல்லுவாரு.

போனைத் திறந்தா ஆன்லைன் டிகிரி விளம்பரம் மேல விளம்பரம். கணக்கா, பி.பி.ஏ.வா, பி.காமா? கடைக்கு வர்ற டீச்சர் ஒருத்தங்க பேசாம கரஸ்பாண்டன்ஸ்ல போடுங்கறாங்க. என் வீட்டுக்காரரு, ஆன்லைன் டிகிரி செல்லுமான்னு விசாரிங்கறாரு. எங்க கடையில லென்ஸ் தேய்க்கற பஷீர் பாய்கிட்ட புலம்பினேன். லால்பேட்டைக்காரரு, ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சவரு. மெஷினை நிறுத்தாமலே சொன்னாரு: "எதுல வேணா சேரும்மா, மொதல்ல உன் பழைய ரெண்டு வருஷத்தை எடுத்துக்குவாங்களான்னு கேளு."

டிசி வாங்காத குற்றம்

வேற இடத்துல சேரணும்னா பழைய காலேஜ் டிசி வேணுமாம். லீவு போட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆபீஸ்ல இருந்த அம்மா என் பேரைக் கம்ப்யூட்டர்ல தேடித் தேடி, கடைசியில கண்டுபிடிச்சாங்க. என் பொண்ணு இப்ப மூணாங்கிளாஸ் படிக்கறா. அது தெரியாம அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "டிசி வாங்காததால நீங்க இன்னும் எங்க ஸ்டூடண்ட்தான், ஆனா அட்டெண்டன்ஸ் ரொம்பக் கம்மியா இருக்கு."

போன்ல கண் பரிசோதனை

டிசியை வாங்கிட்டு வந்து ஒரு யுனிவர்சிட்டிக்குப் போன் போட்டேன். "ரெண்டு வருஷத்தையும் எடுத்துக்குவோம் மேடம், நேரா மூணாம் வருஷம்!"னு ஒரு தம்பி தேனா பேசினாரு. இன்னொரு இடத்துல ஒரு பொண்ணு, "பி.பி.ஏ.க்கு உங்க முதல் வருஷம் மட்டும்தான் செல்லும். இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும்"னு கறாரா சொல்லிடுச்சு. ஒரு வருஷம்னா சிதம்பரம் எனக்கு, ரெண்டு வருஷம்னா மச்சானுக்கு. மனசு தம்பி பக்கம்தான் போச்சு.

ஆனா தொழில்புத்தி விடுமா? மறுநாள் கடை போன்லேருந்து ரெண்டு பேருக்கும் அதே கேள்வியைத் திரும்பப் போட்டேன். அந்தப் பொண்ணு வார்த்தை மாறாம அதையேதான் சொல்லிச்சு. தம்பிக்கு என் குரல் ஞாபகம் இல்ல. "முதல் வருஷத்துலேருந்துதான் மேடம்"னாரு. நேத்து வேற சொன்னீங்களேன்னு கேட்டேன். "நேத்து அப்படிச் சொன்னாதான் சேருவீங்கன்னு நெனச்சேன் மேடம்!"

சீட்

போன்ல கறாரா பேசின அந்தப் பொண்ணோட இடத்துலயே சேந்தேன். ஓனர்கிட்ட போய், "சார், ரெண்டு வருஷம் ஆகும்"னேன். ஒரு வருஷம்னு வாய்கூசாம ஒரு பொய் சொல்லியிருக்கலாம், வரல. அவரு மோவாயைத் தடவினாரு. "சரி, மச்சான் மேனேஜரா இருக்கட்டும், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நீ சிதம்பரம் போய்க் கூடவே இருந்து சொல்லிக்குடு."

இப்ப பகல்ல மேனேஜருக்கு மேனேஜர் வேலை சொல்லிக்குடுத்துட்டு, சாயங்காலம் பஸ்ல வர்றப்ப மேனேஜர்னா யாருன்னு ஆன்லைன் பாடத்துல கேக்கறேன், ரெண்டுல எது தெளிவா இருக்குன்னு மட்டும் என்னைக் கேட்டுடாதீங்க.