நட்சத்திரப் பணியாரத்துக்கு உரிமைக்காரி

போன கிழமை அமெரிக்காவில் இருக்கும் என் பெறாமகன், தங்கச்சியின் பிள்ளை, ஃபோனில் ஒரு படம் அனுப்பினான். ஒரு கிண்ணத்தின் அடிப்பாகத்தைக் கோட்டோவியமாக வரைந்திருந்தது. நடுவில் கூர்கூராக விரிந்த நட்சத்திரம், சுற்றிவரச் சின்னச் சின்ன வெட்டுகள். எங்கள் அம்மாவின் கண்ணாடிக் கிண்ணமேதான்!

அந்தக் காலத்து அமெரிக்காவில், கண்ணாடி வெட்டுகிறவர்கள் புதுக்கோலம் ஒன்றைக் கண்டுபிடித்தால், அதை வரைந்து அரசாங்கத்தில் பதிந்துவிடுவார்களாம். டிசைன் பேட்டன்ட். குறித்த வருஷங்களுக்கு வேறு எவரும் அந்தக் கோலத்தை வெட்டக் கூடாது.

நட்சத்திரத்துக்குமா காவல்? சிரித்தேன். பிறகு யோசித்தேன்... எங்கள் அம்மாவும் அதைத்தானே செய்தார்?

ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த சனம் நாங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு வயல், ஒரே மாதிரி வீடு, ஒரே வாய்க்கால் தண்ணீர். யார் பெரிது, யார் சிறிது என்று காட்ட ஒன்றுமே இல்லை. நம்மவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம், சொல்லுங்கள்?

அம்மாவுக்கு மட்டும் அந்தக் கிண்ணம் இருந்தது. அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்ட ஏலத்தில் அம்மாவின் தகப்பனார் எடுத்தது. சீதனத்தோடு வந்து, வைக்கோலுக்குள் படுத்தபடி லொறியில் வன்னிக்கும் வந்து சேர்ந்தது.

சீப்புப் பணியாரம் தெரியும்தானே? மாவைப் புதுச் சீப்பின் பல்லில் அழுத்தி, வரி விழுந்ததும் சுருட்டிப் பொரித்து, சீனிப்பாகில் பிரட்டுவது. அம்மா சீப்பைத் தொடுவதில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் அடியில் மாவை அழுத்துவார். சுருட்டாமல் அப்படியே பொரிப்பார். ஒவ்வொரு பணியாரத்திலும் ஒரு நட்சத்திரம்! அந்த வாசம் இப்போதும் மூக்கில் நிற்கிறது.

அழுத்தும் நேரம் எங்களையே கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார்; நான் மட்டும் ஒருநாள் கதவு நீக்கலால் பார்த்துவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பித்தளை அச்சு என்றார்கள் ஊர்ப் பெண்கள். இல்லை, தச்சன் வெட்டிக் கொடுத்த கட்டை என்றார்கள் வேறு சிலர். அம்மா ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பரமேசு அக்கா. அம்மாவின் உயிர்ச் சிநேகிதி. ஒருநாள் கதைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. அவருடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. புருஷன்வழிச் சனம் யாழ்ப்பாணத்தில் இருந்து வரப்போகிறது — ‘காட்டுக்குள் போய்க் குடியிருக்கினம்’ என்று நக்கல் அடித்த அதே சனம். அவர்கள் முன்னால் தன் கையால் செய்த நட்சத்திரப் பணியாரத்தை வைக்க வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

எதில் அழுத்துவது என்று வந்து கேட்டார். தானே செய்து கொண்டுவந்து தருவதாக அம்மா சொன்னார்.

“நீங்கள் செய்து தந்தால் அது உங்கட பலகாரம் அக்கா. நான் செய்தனான் எண்டு என்னண்டு வாய் திறக்கிறது?”

அம்மா கிண்ணம் இருந்த அலுமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பரமேசு அக்கா படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

அன்றோடு வாய்க்கால் அகலமாகிவிட்டது. இரண்டு கரையிலும் உடுப்புத் தோய்த்தார்கள், முகம் பார்க்கவில்லை. நான் அப்போது வேலைக்குக் காத்திருந்த குமர். மனம் தாங்காமல் அம்மாவிடம் கேட்டேன் — ஒரு கிண்ணத்துக்காகவா இவ்வளவும்?

“காட்டினால் நாளைக்கு ஊர் முழுக்க அதுதான். பிறகு எங்களிட்டை என்ன இருக்கு?” என்றார் அம்மா. அந்த அமெரிக்கக் கண்ணாடிக்காரரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சடங்குக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகாவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அங்கே தட்டில் இருந்த பணியாரத்தில் நட்சத்திரம் இல்லை. சீப்பு வரியும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக ஒரு பின்னல்... அவ்வளவு வடிவு! யாழ்ப்பாணத்து மச்சாள்மார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கே பழகினது என்று ஒருத்தி கேட்க, பரமேசு அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“புதுச் சுளகின்ரை முதுகிலை எண்ணெய் தடவி அழுத்தினனான். வேணுமெண்டால் வாங்கோ, காட்டுறன்.”

சுளகு! அரிசி புடைக்கிற சுளகு எந்த வீட்டில் இல்லை?

அம்மா பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் கிண்ணத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வாய்க்காலைக் கடந்தார். நானும் கூடப் போனேன்.

“இந்தாரும் பரமேசு. இதிலைதான் நான் அழுத்திறனான்.”

பரமேசு அக்கா வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு பக்குவமாகச் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

“வடிவாத்தான் இருக்கு அக்கா. ஆனால் எனக்கு இனித் தேவையில்லை. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

அம்மா இருந்தார். விட்ட கதையை எல்லாம் இரண்டு பேரும் பொழுதுபடும்வரை கதைத்துத் தீர்த்தார்கள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு சுளகுப் பணியாரம். அம்மா மட்டும் முற்றத்தில், எல்லோரும் பார்க்கக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மாவை அழுத்தினார்.

எட்டிப் பார்க்கத்தான் ஒருவரும் வரவில்லை.