அட்டையின் கடைசி வரி

"சத்தமா படிங்க. மனசுக்குள்ள படிச்சா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே, நாற்காலியில் இருக்கும் வக்கீலின் மூக்கில் கனமான வட்டச் சட்டத்தை ஏற்றி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகுகிறார் கண்ணாடி அக்கா. கையில் ஓர் அட்டை கொடுக்கிறார். மேலே கொட்டை எழுத்து. கீழே போகப் போகப் பொடி எழுத்து. மற்றக் கடைகளில் அந்த அட்டையில் மழை, மரம், நல்லொழுக்கம் என்று ஏதாவது இருக்கும். இந்தக் கடை அட்டையில் அக்காவே இருக்கிறார்.

"எனக்கு மனச்சோர்வு இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று படித்த வக்கீல் திடுக்கிட்டு, "எனக்கா?" என்றார்.

"எனக்குங்க. நீங்க மேல படிங்க."

"சில நாள் காலையில் பல் தேய்ப்பதே பெரிய வேலை. நேற்று தேய்க்கவில்லை. இன்று தேய்த்தேன்." நீதிமன்றத்தில் யாருக்கும் அடங்காத குரல், கோயிலுக்குள் நுழைந்ததுபோல் தணிந்துவிட்டது.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கண்ணில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. மூன்றாவதைத் தேடிக்கொண்டே இருப்பார். முடியாத நாட்களில் மென்று விழுங்கும் வழக்கமில்லை. "இன்னைக்கு நான் அரை ஆளுதான். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் எனக்கு அவரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலிலும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்கிற சாதி நான்.

அக்காவுக்கு ஒரே பையன். பைக் எடுத்துக்கொண்டு போனவன் வீடு திரும்பவில்லை. "எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க தம்பி. பரவால்ல, பரவால்லன்னு சொல்லி வாயே மரத்துப்போச்சு. எழுதி வெச்சுட்டா அவங்களே படிச்சுக்குவாங்க இல்ல?" அட்டையை அவ்வப்போது புதிதாக எழுதுவார். பொய்யாகிப்போன வரிக்கு அதில் இடம் கிடையாது. 'இப்போது தேவலை' என்று ஒருமுறை மரியாதைக்கு எழுதிவிட்டு, மத்தியானத்துக்குள் அடித்துவிட்டாராம்.

பின்பக்க மேசையில் உட்கார்ந்து ஃபிரேமுக்குள் லென்ஸ் பொருத்துபவர் அவர் கணவர். அட்டை என்றாலே முகம் கடுகடுக்கும். "வர்றவங்க கண்ணைக் காட்ட வர்றாங்க. நம்ம வீட்டைப் பார்க்கவா வர்றாங்க?" என்பார். அவர் அதைப் படித்ததே இல்லை. படிக்கவும் முடியாது, கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாமல் போய் வெகுநாளாகிறது. பேப்பரை அவர் தள்ளிப் பிடிக்கிற தூரத்தைப் பார்த்து, "கை இன்னும் ஒரு முழம் நீளமா இருந்திருக்கலாம்" என்று அக்கா சீண்டுவார். ஆனாலும் மனிதர் சோதனை நாற்காலியில் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் சத்தமாகப் படிக்க வேண்டுமே.

என் முறை வந்தபோது பவர் சரியாகப் பொருந்திவிட்ட மிதப்பில், யாரும் கேட்காத கடைசிப் பொடி வரியையும் படிக்கத் தொடங்கினேன்: "என் வீட்டுக்காரர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்கிறது." நல்லவேளை, கடைசியில் குரல் உள்ளே போய்விட்டது.

"அதைப் படிக்கச் சொல்லலையே தம்பி" என்றார் அக்கா மெதுவாக. "அவ்வளவு பொடி எழுத்து யாருக்கும் தேவையில்ல." பிறகு பின்மேசைப் பக்கம் முகவாயைக் காட்டினார். "அவருக்கு எழுதினது. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. அவர் கண்ணாடி போட மாட்டேங்கறார்."

மறுநாள் புதுக் கண்ணாடியோடு வீட்டில் பேப்பரைப் பிரித்தால் எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. கடைக்குத் திரும்ப ஓடினேன். அக்கா கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடது லென்ஸ் வலப்பக்கம், வலது லென்ஸ் இடப்பக்கம். இடது, வலது என்று ஓரத்தில் பேனாவால் போட்ட குறி கணவருக்குத் தெரியவில்லை.

அக்கா திட்டவில்லை. நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பினார். "உட்காருங்க."

"வேலை கிடக்கு."

"அந்த வேலைக்குத்தான் கண்ணு வேணும். உட்காருங்க."

உட்கார்ந்தார். அக்கா வட்டச் சட்டத்தை மாட்டி அட்டையைக் கொடுத்ததும், பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். மனச்சோர்வைப் படித்தார், பல் தேய்த்ததைப் படித்தார். "எங்கள் பையன் செத்துப்போய்விட்டான்" என்ற வரியில் குரல் இறங்கியது, நிற்கவில்லை.

"போதுங்க, பவர் கிடைச்சிடுச்சு" என்று அக்கா அவசரமாக அட்டைக்குக் கை நீட்டினார். அவர் விடவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"என் வீட்டுக்காரர்..." என்று தொடங்கி, "...எனக்குக் கேட்கிறது" வரைக்கும் படித்து முடித்தார். அந்தக் கடையில் திறந்துவிடக் குழாய் எதுவும் இல்லை.

அக்கா அந்த வட்டச் சட்டத்தை அவர் மூக்கிலிருந்து மெல்லக் கழற்றினார். உள்பக்கம் நனைந்திருந்த லென்ஸ் இரண்டையும் துணியால் நிதானமாகத் துடைத்து, மறுபடி அவர் முகத்திலேயே மாட்டிவிட்டார்.