கந்தளாய் வீதிக்கு ஓர் ஆட்டப்பாட்டு

ரொட்டர்டாமில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் சாரதியைப் பார்த்து "டாங்க் யூ வெல்" என்று நன்றி சொல்கிறார்கள். அந்த மனுஷன் இவர்களுக்கு அப்படி என்ன உதவி செய்துவிட்டார் என்று வந்த புதிதில் யோசித்தேன். இலங்கையில் எங்கள் ஊரான மூதூரில் தாகத்துக்குத் தண்ணீர் தந்தவரிடம்கூட நாங்கள் நன்றி சொல்வதில்லை. குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரின் பழக்கம் ஒட்டிக்கொள்ள, ஒரு முழு வீதிக்கே நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சண்டை மூண்டு ஊரே வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. ராத்தா, என் மூத்த சகோதரி, தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் என்னைப் பிடித்தபடி நடந்தார். கால் நொந்து நான் அழும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சந்தான் தம்பி" என்பார். எவ்வளவு தூரம் என்று அவருக்கும் தெரியாது. கந்தளாயை நெருங்கியபோது வீதியின் இருபக்கமும் முன்பின் தெரியாத ஆட்கள் தேத்தண்ணியும் சாப்பிடப் பாணும் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னபடி குந்தியிருந்து, ஈரத் துவாயால் என் கால்களைத் துடைத்துவிட்டார்.

பகலில் துறைமுகக் கிடங்கில் வேலை செய்தாலும் நான் ரப் பாடுகிறவன். அந்த நடையைப் பாட்டாக எழுதி, இசையமைக்கும் சன்னே என்ற டச்சுப் பெண்ணுக்கு வெறும் குரலை மட்டும் அனுப்பினேன். சோகமாக ஒரு பியானோ போதும் என்று நினைத்திருந்தேன். அவள் திருப்பி அனுப்பியதோ கிளப்களில் ஆடுவதற்குப் போடும் ஹவுஸ் தாளம். நெஞ்சில் இடிப்பதுபோல ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது டிரம். கோபத்தோடு அவளுடைய ஸ்டூடியோவுக்குப் போய், இது சனம் உயிர் தப்பி நடந்த கதை, கிளப்பில் ஆடுகிற கதையல்ல என்றேன். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத சன்னே குழம்பிப்போனாள்.

"நீ சந்தோஷமாகப் பாடுகிறாய் என்றுதான் நினைத்தேன். கடைசியில் உன் குரல் சிரிக்கிறதே" என்றாள்.

கடைசியில் வருவது பாணும் தேத்தண்ணியும் அந்தப் பெண்ணின் துவாயும். திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான், குரல் சிரித்தது.

தாளம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். ஆனாலும் ராத்தாவின் சம்மதம் இல்லாமல் பாட்டை வெளியே விட மனம் வரவில்லை. அன்று அவர் இடுப்பில் வந்த குழந்தைக்குக் கலியாணம் என்று சேதி வர, மூதூருக்குப் போனேன். ராத்தா குசினியில் என் போனைக் காதோடு வைத்துப் பாட்டை முழுவதும் கேட்டார்.

"அழுத கதைக்கு ஆடச் சொல்லுறியா?"

சன்னே சொன்னதைச் சொன்னேன். ராத்தா சட்டியை ஒருதரம் கிண்டினார்.

"ஓம். பாணைக் கண்ட உடனே நீ சிரிச்சனீதான். நானும் சிரிச்சனான்."

பிறகு அந்தப் பெண்ணின் பெயரைப் பாட்டில் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டார். பெயர் தெரியாது என்றேன்.

"அப்ப என்ட குரலையும் போடு. அவவுக்கு விளங்காட்டியும், கேக்கட்டும்."

ராத்தா சொன்ன "இன்னும் கொஞ்சந்தான் தம்பி" இப்படித்தான் பாட்டின் பல்லவியானது. குசினியிலேயே பதிந்து அனுப்பினேன். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தத்தை சன்னே அழிக்கவில்லை.

மருதாணி இடும் நாளன்று பின்னேரம், சன்னே ஒரு கிளப்பில் அந்தப் பாட்டைப் போட்டு ஆடவைத்த கூட்டத்தின் வீடியோ என் போனுக்கு வந்தது. முற்றத்தில் ஆண்களோடு கதிரையில் இருந்து பார்த்தேன். ரொட்டர்டாம் பிள்ளைகள் துள்ளித் துள்ளி, 'கொஞ்சந்தான்' வாயில் வராமல் "கொன்யன்டான், கொன்யன்டான்" என்று கூடப் பாடினார்கள். அதே நேரம், பெண்கள் கூடியிருந்த உள்ளறையில் மணப்பெண்ணான என் மருமகளும் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டாள். கதவு சாத்தியிருந்தது. கைதட்டலும் கொலுசுச் சத்தமும் கேட்டன. பாட்டில் வரும் ராத்தாவின் குரலுக்கு மேலாக, ராத்தாவே பாடுவதும் கேட்டது. ஆடுகிறாரா என்று தெரியவில்லை. என் கையிலிருந்த போனில் ஆடுகிறவர்களுக்குச் சொல் விளங்காது. சொல் விளங்குகிறவர்கள் ஆடும் அறைக்குள் நான் போக ஏலாது. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவுக்கு அப்பால் நிலம் அதிர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.