எப்படித் தின்றார்?

தலைமையாசிரியர் அஹியாபோரின் பெயரை எழுதவே எனக்குக் குமட்டுகிறது. ஆனால் அப்லாவியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் அந்த ஆளைத் தொடாமல் போக வழியில்லை. சாக்கடையைத் தாண்டாமல் எங்கள் சந்தைக்குப் போக முடியுமா?

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் எங்கள் பள்ளி. அப்லாவி நான்காம் வகுப்புக்கு எங்கள் தாய்மொழியான எவே நடத்தினாள். முப்பத்தோரு வயது. மீனைப் புகைபோட்டு விற்கும் வீட்டுப் பெண். தலைநகர் அக்ராவில் வேலை கிடைத்தும் போகாதவள். நான் பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் கோசி மாஸ்டர். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கோரைப்பாய்தான் சுவர். அவள் பாடம் முழுவதும் என் காதில் விழும்.

"படகு வந்துச்சுன்னு மட்டும் சொன்னா அது செத்த மீனுடா. எப்படி வந்துச்சு?"

"ஆடி ஆடி வந்துச்சு டீச்சர்!"

"யாரு பார்த்தது?"

"நான்தான். எங்க மாமா படகு. எறங்கினப்புறம் மாமாவும் ஆடி ஆடித்தான் வந்தாரு!"

வகுப்பே உருண்டு சிரிக்கும். எங்கள் மொழியில் ஒருவர் நடப்பதைச் சொல்ல மட்டுமே எத்தனையோ சொற்கள் உண்டு. குட்டை மனிதர் குடுகுடுவென்று போவதற்கு ஒன்று, கொழுத்தவர் அசைந்து அசைந்து போவதற்கு ஒன்று. ஒரு பிள்ளை நடந்து காட்டும், மற்றவை சொல்லைக் கண்டுபிடிக்கும், பிறகு அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். இட்டுக்கட்டிய வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது.

அஹியாபோருக்கு இந்தப் பாடவேளைதான் கண்ணை உறுத்தியது. "தாய்மொழி தாய்ப்பாலோட வந்துடும். அதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு பீரியடு?" என்று சொல்லிவிட்டு, நான்காம் வகுப்பைத் தன் சின்னவெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஓட்டிவிடுவார். பத்து வயதுப் பிள்ளைகள் கொளுத்தும் மணலில் குடம் சுமந்தன. அவளும் பின்னாலேயே போவாள். "எப்படி ஊத்தற?" "சொட்டுச் சொட்டா டீச்சர்." "குடம் எப்படிக் கனக்குது?" அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளை அழுதுவிட்டதாம்.

மதியம் வந்தால் இன்னும் கேவலம். பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சாப்பாட்டுக்கான மீன் குழம்பில் முதலில் இறங்குவது அவர் கைதான். சதையை எல்லாம் உறிஞ்சிவிட்டு முள்ளை ஜன்னல் கட்டையில் துப்புவார். ஈ மொய்க்கும். பிள்ளைகள் வெறும் குழம்பில் அக்ப்லே என்னும் மக்காச்சோளக் களியைத் தோய்த்துத் தின்னும். நாங்கள் ஆசிரியர்கள் ஆறு பேர், பார்த்துக்கொண்டே எங்கள் பங்கைத் தின்போம். த்தூ!

ஒருநாள் வட்டார மேற்பார்வையாளர் காரில் வந்து இறங்கினார். நான்காம் வகுப்பில் உட்கார்ந்து, "நான் ஒரு சொல் சொல்வேன். எப்படின்னும் சேர்த்து வாக்கியம் சொல்லணும். 'தின்றார்'. எங்கே, நீ சொல்லு" என்று ஒரு சிறுமியைக் காட்டினார். டெலாலி. மீன்காரி யவாவின் மகள். அவள் எழுந்தாள், கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஹெட்மாஸ்டர் எங்க மீன அவக்கு அவக்குன்னு தின்னாரு."

பாய்க்கு இந்தப் பக்கம் என் கையிலிருந்த சுண்ணக்கட்டி விழுந்து உடைந்தது.

அந்த அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? விசாரித்தாரா? தொந்தி குலுங்கச் சிரித்தார். போகும்போது காரின் பின்பெட்டியில் நாலு கட்டு வெங்காயம் ஏறியது. பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த வெங்காயம்!

கார் தெரு திரும்பியதும் அஹியாபோர் வருகைப் பதிவேட்டில் டெலாலியின் பெயரை அடித்தார். தாய் சாராயப் புட்டியோடு வர வேண்டும், மகள் மண்டியிட்டு "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் பெயர் திரும்ப ஏறும் என்றார்.

யவா அலறிக்கொண்டு அப்லாவியிடம் ஓடினாள். "ஒரு வார்த்தைதானே டீச்சர். பொய்யுன்னு சொல்லிட்டுப் போகட்டுமே."

"அது பொய்யில்லையே அக்கா."

"தெரியும்டி! ஊருக்கே தெரியும். அதனாலதானே இவ்வளவு பயமாயிருக்கு!"

"கண்ணால பார்த்ததச் சொல்லுன்னு நாலு மாசமா அவகிட்ட கத்தினவ நான். இன்னிக்கு அதையே பொய்யுன்னு அவ வாயால சொன்னா, அப்புறம் அந்த வாய்க்கு நான் எதைச் சொல்லித் தருவேன்?" அப்லாவி அழுதாள். ஆனாலும் பெற்றவளை அவளால் தடுக்க முடியவில்லை.

சாயங்காலம் அஹியாபோர் வீட்டு வேப்பமரத்தடியில் கூடினோம். சாராயம் வைத்து மன்னிப்புக் கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகு சாட்சி ஒரு மிடறு குடிக்க வேண்டும். கடைசியாக மனம் நொந்தவர் குடிப்பார். அவர் தொண்டையில் இறங்கிவிட்டால் வழக்கு செத்தது. அதன்பிறகு அதைக் கிளறுகிறவன் முன்னோரையே அவமதித்தவன்.

சாட்சி நான். ஊர்ப் பெரியவர் மண்ணுக்குக் கொஞ்சம் ஊற்றி முன்னோரை அழைத்தார். கோப்பையை என்னிடம் நீட்டினார். டெலாலி வாய் திறக்கும் முன்பே வாங்கிக் குடித்துவிட்டேன். பெரியவர் கோப்பையை மறுபடி நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லும்மா," என்றார்.

டெலாலி மண்ணில் மண்டியிட்டிருந்தாள். சொல் வரவில்லை. கண் மட்டும் அப்லாவியையே பார்த்தது.

அஹியாபோரின் கண்ணோ கோப்பையை விட்டு அகலவில்லை. நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டார். "சொல்லித் தொலை!" என்று உறுமியவர், பெரியவர் கையிலிருந்த கோப்பையை வெடுக்கென்று பிடுங்கி ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு புறங்கையால் வாயைத் துடைத்தார்.

அப்லாவி ஓரடி முன்னால் வந்தாள். "பெரியவரே, ஹெட்மாஸ்டர் குடிச்சாரா, இல்லையா?"

பெரியவர் கோப்பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். சொட்டுக்கூட விழவில்லை. "குடிச்சுட்டாரு."

"குடிச்சா?"

"முடிஞ்சுது. இனி இந்தப் பொண்ணு எதுவும் சொல்ல வேண்டியதில்ல. சொல்லவும் கூடாது."

"இன்னும் அவ பொய்யுன்னு சொல்லவே இல்லையேய்யா!" என்று அஹியாபோர் கத்தினார்.

"அதுக்குள்ள உன்ன யாருய்யா குடிக்கச் சொன்னது?"

கூட்டத்தில் ஒரு கிழவி கெக்கலி கொட்டினாள். யவா மகளை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மறுநாள் பதிவேட்டில் பெயர் ஏறியது. பெரியவரே கூட வந்து நின்று எழுத வைத்தார்.

மூன்றாவது வாரம் அப்லாவிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கழிக்கு நடுவே ஒரு தீவு, ஒற்றை ஆசிரியர் பள்ளி. யார் வேலை என்று சொல்லவும் வேண்டுமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை போனேன். படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"கோசி அண்ணே, அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. அதுக்கு முன்னாடி எதைக் கேட்டுட்டு நீங்க சாட்சியாக் குடிச்சீங்க?"

"எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்கம்மா..."

படகுக்காரன் கோலை ஊன்றினான்.

இப்போது நான்காம் வகுப்பும் என் தலையில். புத்தகத்திலிருந்து வாக்கியங்களைப் பலகையில் எழுதிப்போடுகிறேன், பிள்ளைகள் பார்த்து எழுதுகின்றன. டெலாலியும் எழுதுகிறாள். வரிசை கோணாமல், பிழையில்லாமல். நான் கேள்வி கேட்டால் மட்டும் அவள் வாயைத் திறப்பதில்லை.