காலி அட்டைகள்

அந்த ரத்த அழுத்த நோயாளி என்னிடம் ஓசூர் கம்பெனி சீருடையிலேயே வருவார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் இரண்டு மாத்திரைகளில் எது மேல் என்று எங்கள் மருத்துவக் கல்லூரி ஒப்பிட்டுப் பார்த்த வருடம் அது. அவருடைய கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் பலருக்கும் இரண்டாவது மாத்திரைதான் கொடுத்திருந்தோம்.

மாதாமாதம், மாத்திரை போட்டதற்குக் கணக்காக, காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு என் மேசையில் வைப்பார். ஒன்றுகூடக் குறைந்ததில்லை. அழுத்தமும் குறைந்ததில்லை; அவரோடு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அப்படித்தான். இரண்டாவது மாத்திரை உதவாது என்று ஆய்வறிக்கையில் எழுதிவிட்டு, கடைசி நாளன்று அவரிடமும் சொன்னேன்.

பதறிப்போனார். “மாத்திரையை ஏன் சார் குத்தம் சொல்றீங்க? நான் எங்க அத முழுங்கினேன்?”

“ஏன் முழுங்கல?” என்றேன்.

“போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்க. மாத்தாள் வந்தாத்தான் மெஷினை விட்டு நகர முடியும்.”

“அப்போ இந்த அட்டைங்க?”

“கணக்கு டேலி ஆகணுமில்லங்க? மாத்திரையைப் பிரிச்சுக் குப்பையில போட்டுட்டு அட்டையைக் கொண்டாருவோம்.”

“கொண்டாருவோம்னா? வேற யாரு?”

“எங்க பஸ்ல வர்றவங்க எல்லாருந்தாங்க.”

அலமாரியைத் திறந்தேன். ஒரு வருடத்து அட்டைகள், கட்டுக்கட்டாக, ஒன்றுகூடக் குறையாமல்.