விண்கலத்து டாக்டர் இறந்த மறுநாள்

நாங்கள் பார்க்கும் விண்வெளித் தொடரில் கலத்தின் டாக்டர் இறந்துபோன மறுநாள் காலை, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. பிடித்த கதாபாத்திரம்தான் பெயர். நான் இன்ஜினியர். நாமக்கல்லில் முட்டை ஏஜென்ட் ஒருவரிடம் பில் போடுகிறவள் என்று எவருக்கும் தெரியாது. குழுவை நடத்துவதும் நான்தான்.

டாக்டர் என்ற பெயரில் ஒரு பெண் இருந்தார். தொடரில் வரும் அந்தக் கிழட்டு டாக்டரை யார் குறை சொன்னாலும் விடமாட்டார். அன்று ஒருவன், "கிழவன் ஒழிஞ்சான், இனிக் கதை வேகமாப் போகும்" என்று எழுதினான். பலர் சிரித்தார்கள். அவர், "இனி எனக்கு யாரு இருக்கா" என்று மட்டும் எழுதிவிட்டு வெளியேறிவிட்டார்.

கூப்பிட்டேன். மணி அடித்தவுடனே துண்டித்தார். மறுபடியும் அப்படியே. கிண்டல் செய்தவனை நான் உடனே நீக்கியிருக்கலாமே என்று நினைத்து நினைத்துச் சாப்பாடே இறங்கவில்லை.

தொடரின் டாக்டர் அணிவதுபோலவே நீலப்பட்டை வைத்த வெள்ளைக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் முன்பு குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். காலரில் கெங்கவல்லித் தையல்கடை ஒன்றின் பெயர்ச்சீட்டு. மறுநாள் ஞாயிறு. ராசிபுரம், ஆத்தூர் வழியாகப் பஸ் மாறிப் போனேன்.

தையல்காரரிடம் படத்தைக் காட்டினேன். "தோள்ல நீலப்பட்டை வச்சதா? நாடகத்துக்கான்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டுப் போயிடுச்சு அந்தம்மா" என்று வீட்டைக் காட்டினார்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். என்னைவிட மூத்தவர் ஒருவர் திறந்தார், கையில் போனோடு. கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் இன்ஜினியருங்க. குரூப்புல."

ஒரு நொடி விழித்துவிட்டு, "உள்ள வாங்க" என்றார்.

அவர் கணவர் வடக்கே போர்வெல் வண்டியில் வேலை. தொடரை இருவரும் அவரவர் இடத்தில் பார்ப்பார்கள். முடிந்ததும் கணவர் கூப்பிடுவார். இந்த முறை அழைப்பு வரவில்லை. அதற்கும் முந்தைய நாளிலிருந்தே கணவர் போனுக்கு லைன் கிடைக்கவில்லை.

"அந்த டாக்டரு தனியா வெளிய போயி, வயர்லெஸ் தொடர்பு அறுந்துதானே செத்தாரு? அதப் பாத்ததிலேர்ந்து என்னால முடியல. அவரு கூப்பிட்டா லைன் கிடைக்கணும்னுதான் உங்க போனையெல்லாம் கட் பண்ணேன்."

"காட்டுக்குள்ள டவர் இருக்காதுங்கக்கா" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். காபி போடுகிறேன் என்று எழுந்தவர், எழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குமேல் போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் அவர் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. டவரே இல்ல, இப்பத்தான் கிடைச்சுது. ஆமா, டாக்டரு செத்துட்டாராமே? நான் பாக்கறதுக்குள்ள கூட இருக்கறவன் சொல்லித் தொலைச்சுட்டான்!"

அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். "ஆமாங்க, செத்துட்டாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுமுனையில் அந்த மனிதர் பயந்துபோய், "ஏய், என்னடி, கதைதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பஸ் ஏறித் திரும்பினேன். ராசிபுரம் தாண்டும்போது அவரை மறுபடி குழுவில் சேர்த்தேன். நாமக்கல்லில் இறங்குவதற்குள், கிழவன் என்று எழுதியவனோடு அவர் சண்டையை ஆரம்பித்திருந்தார்.