சிரித்துக்கொண்டே இறால் பிடிப்பவர்கள்

ஏரிக்கரையில் ஓர் ஓவியர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் என் சின்னம்மாவோடு போயிருந்தேன். கோயில்போலச் செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். கூடத்தில் பெரிய படம்: இறால் பிடிக்கும் பெண்கள், இடுப்பில் இறால் போடும் பனையோலைப் பறி, முகமெல்லாம் சிரிப்பு.

"பறிய பல்லுல கடிச்சினு இல்ல நடப்போம்? ரெண்டு கையும் சேத்துல இருக்கும். எங்க சிரிக்கிறது?" என்றாள் சின்னம்மா.

சுற்றிக்காட்டியவர் விடவில்லை. "இருபது வருஷம் இந்த ஜன்னல்லயே நின்னு பாத்து வரைஞ்சாரும்மா."

இருபது வருஷம் பார்த்த லட்சணம் இது.

சின்னம்மா அதே ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள்.

"இங்கேந்து எங்க முதுகுதான் தெரியும்," என்றாள். "ஒரு நாளு தண்ணியில எறங்கியிருந்தா மூஞ்சி தெரிஞ்சிருக்கும்."